ஆற்றுக்கு எவ்வளவு நீர் விட வேண்டும்? - ஒரு கணக்கின் கதை

மழைக்காலம் வந்துவிட்டால் செய்தித்தாள்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். இத்தனை டி.எம்.சி. நீர் வீணாகக் கடலில் கலந்துவிட்டது என்பதே அது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி; மெட்ரிக் முறையில் ஏறத்தாழ 2.83 கோடி கனமீட்டர். குடிநீருக்குக் குடத்துடன் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தச் செய்தி நெஞ்சைச் சுடும். ஆனால் 'வீண்' என்ற சொல்லுக்குள் ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. ஆற்றில் ஓடும் நீரில் ஆற்றுக்கென்று ஒரு பங்கு உண்டா? உண்டென்றால் அது எவ்வளவு? அதை எப்படிக் கணக்கிடுவது?

இக்கேள்விக்கு அறிவியல் விடை தேடத் தொடங்கி சுமார் ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆறும், அதன் கழிமுகமும், அவற்றை நம்பி வாழும் உயிர்களும் மனிதர்களும் நலமாக இருப்பதற்கு ஆற்றில் ஓட வேண்டிய நீரைச் 'சூழல் நீரோட்டம்' என்கிறார்கள். அந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது, நமது ஊர் ஆறுகளுக்கு அது என்ன சொல்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கேள்வி எழாத காலம்

நான் வசிக்கும் அண்ணனூர், ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே உள்ள ஊர். மின்சார ரயில் பணிமனையால் பலருக்கும் தெரிந்த பெயர். இதற்கு வடக்கே கொசஸ்தலையாறு ஓடுகிறது. தெற்கே திருவேற்காடு வழியாகக் கூவம் ஓடுகிறது. இவை இரண்டும் உறவுள்ள ஆறுகள். மேற்கே கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்துதான் கூவம் பிரிகிறது.

சென்னை நகரம் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட வரலாறு இந்த ஆறுகளின் வரலாறே. தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்று நீரைத் திருப்பி, சோழவரம் ஏரி வழியாகச் செங்குன்றம் ஏரிக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து நகருக்கு அனுப்பும் திட்டம் 1872-இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் தொடங்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் முடிவுற்றது. கூவத்தையும் விட்டுவைக்கவில்லை. ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் அதன் நீர் புதுபங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. (அம்பத்தூருக்கு அருகிலுள்ள கொரட்டூர் வேறு, இது மேற்கே திருமழிசைப் பக்கம் உள்ளது.)

இத்திட்டங்களில் எல்லாம் இரண்டு கேள்விகளே கேட்கப்பட்டன. எவ்வளவு நீர் கிடைக்கும்? எவ்வளவு நீர் தேவை? அணைக்குக் கீழே ஆறு என்ன ஆகும் என்பது மூன்றாவது கேள்வி. அது அன்று கணக்கில் இல்லை. அன்றைய பொறியாளர்களை இதற்காகக் குறை கூறுவதற்கில்லை. அக்கேள்விக்கு விடை காணும் அறிவியல் அப்போது உலகில் எங்குமே உருப்பெற்றிருக்கவில்லை.

பத்து, முப்பது, அறுபது

அமெரிக்காவில் மீன்வளத் துறையில் பணியாற்றிய டொனால்ட் டென்னன்ட் என்பவர் மான்டானா, வயோமிங், நெப்ராஸ்கா மாநிலங்களில் 11 ஓடைகளை ஆராய்ந்தார். வெவ்வேறு அளவில் நீர் ஓடும்போது ஓடையின் அகலம், ஆழம், வேகம் ஆகிய மூன்றும் எப்படி மாறுகின்றன என்று அளந்தார். தம் முடிவுகளை 1976-இல் வெளியிட்டார்.

அவர் கண்டது இதுதான். வறண்ட ஓடையில் சிறிது சிறிதாக நீரை விட்டால், முதலில் அது படுகை முழுதும் பரவுகிறது. ஆகவே அகலம் வேகமாகக் கூடுகிறது. ஓரளவு நீர் வந்தபின், மேலும் விடும் நீர் மட்டத்தை உயர்த்துகிறதே தவிர அகலத்தை அதிகம் கூட்டுவதில்லை. தட்டையான தாம்பாளத்தில் நீர் ஊற்றிப் பார்த்தால் இது விளங்கும். முதல் டம்ளர் தாம்பாளம் எங்கும் பரவும். அடுத்தடுத்த டம்ளர்கள் மட்டத்தை மட்டுமே உயர்த்தும். ஆகவே முதலில் வரும் சிறிதளவு நீரே உயிர்களுக்கு மிகப் பெரிய மாற்றத்தைத் தருகிறது.

இதிலிருந்து டென்னன்ட் எளிய விதி ஒன்றை வகுத்தார். ஆற்றின் ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் இருந்தால் மீன்கள் சில காலம் உயிர் பிழைத்துக் கிடக்கலாம். 30 சதவீதம் இருந்தால் நன்கு வாழலாம். 60 சதவீதம் இருந்தால் மிகச் சிறப்பு. இதுவே 'மான்டானா முறை' எனப் பெயர் பெற்றது. எளிமை காரணமாக உலகெங்கும் பரவியது.

ஆனால் மான்டானாவின் ஓடைகளில் பனி உருகிய நீர் ஓடுகிறது. நமது ஆறுகளோ மழையை நம்பியவை. கூவத்தில் ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வரும். சித்திரையில் மணல்தான் இருக்கும். இத்தகைய ஆற்றுக்கு ஆண்டுச் சராசரி என்ற ஓர் எண் எதைக் குறிக்கும்? ஒரு கையைக் கொதிநீரிலும் மறு கையைப் பனிக்கட்டியிலும் வைத்துக்கொண்டு சராசரியாகச் சுகமே என்று சொல்வது போலாகும்.

ஆற்றின் நாடித்துடிப்பு

இக்குறையைத் தீர்க்கும் கருத்து 1997-இல் வந்தது. லெராய் பாஃப் என்பவரும் அவருடைய சகாக்களும் 'இயற்கை ஓட்ட முறைமை' என்ற கருத்தை விளக்கிக் கட்டுரை எழுதினர். ஆற்றின் ஓட்டத்தை ஐந்து கூறுகளாகப் பார்க்க வேண்டும் என்றனர். ஓட்டத்தின் அளவு, எத்தனை முறை வருகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது, எந்தக் காலத்தில் வருகிறது, எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது ஆகியவையே அவை.

மருத்துவர் நாடி பார்க்கும்போது துடிப்பை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அதன் வலிமையையும் ஒழுங்கையும் கூடப் பார்க்கிறார். ஆற்றுக்கும் அப்படியே. புது வெள்ளம் கண்டு மீன் எதிரேறி முட்டையிடுகிறது. பெருவெள்ளம் படுகையில் சேர்ந்த வண்டலையும் செடிகொடிகளையும் அடித்துச் செல்கிறது. கரையோர மண்ணில் நீர் இறங்கிக் கிணறுகளை ஊற வைக்கிறது. கோடையில் நீர் குறைவதும் இயற்கையின் ஒழுங்கில் ஒரு பகுதியே. எல்லா நாளும் ஒரே அளவு நீர் விடுவது ஆற்றைக் கால்வாயாக்குவதாகும்.

சட்டமும் இக்கருத்தைப் பின்தொடர்ந்தது. தென்னாப்பிரிக்கா 1998-இல் இயற்றிய நீர்ச் சட்டத்தில், மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்ச்சூழலுக்கும் நீரை முதலில் ஒதுக்கிவைத்து, எஞ்சியதையே மற்றவர்களுக்குப் பங்கிட வேண்டும் என்று விதித்தது. ஆஸ்திரேலியாவில் 2007-இல் வெளியிடப்பட்ட பிரிஸ்பேன் பிரகடனம், சூழல் நீரோட்டம் என்பது நீரின் அளவு, காலம், தரம் ஆகிய மூன்றையும் சேர்ந்தது என்று வரையறுத்தது. இதில் 'தரம்' என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கூவத்திற்கு வரும்போது அது தேவைப்படும்.

கொழும்பில் போட்ட கணக்கு

ஓர் ஆற்றின் தேவையை முறையாக அறிய வேண்டுமென்றால் மீனியலாளர், தாவரவியலாளர், நீரியலாளர் எனப் பலர் கூடிப் பல ஆண்டுகள் ஆராய வேண்டும். உலகிலுள்ள ஆயிரக்கணக்கான ஆறுகளுக்கு இது எப்போது முடியும்? பல நாடுகளில் ஆற்றளவுக் குறிப்புகளே குறைவு. இருப்பவையும் எளிதில் கிடைப்பதில்லை. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆகிய ஆறுகளின் அளவுகளை இந்திய அரசு மறைவாகவே வைத்திருக்கிறது.

இங்கேதான் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்ட உலகளாவிய தகவல்கள் உதவிக்கு வந்தன. பல நாடுகளின் ஆற்றோட்ட அளவுகளைத் திரட்டிவைக்கும் உலக ஆற்றோட்டத் தகவல் மையம் 1988-இல் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் தொடங்கப்பட்டது. ஜெர்மன் விஞ்ஞானிகள் 'வாட்டர்கேப்' என்ற கணினி மாதிரியை உருவாக்கினர். மழை, வெப்பம், மண், நிலச்சரிவு ஆகியவற்றைக் கொடுத்தால், நிலவுலகின் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நீர் ஓடும் என்று அது கணித்துச் சொல்லும்.

கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தில் பணியாற்றிய விளாதிமிர் ஸ்மாக்டின், கார்மென் ரெவெங்கா, பெட்ரா டோல் ஆகியோருடன் சேர்ந்து 2004-இல் உலக ஆற்றுப் படுகைகளின் சூழல் தேவையை முதன்முதலாக மதிப்பிட்டார். ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை ஆறுகளுக்கே விட வேண்டியிருக்கும் என்பது அவர்கள் முடிவு.

அவர்கள் கையாண்ட முறை எளிது. தேவையை இரண்டாகப் பிரித்தனர். ஒன்று, வறண்ட காலத்திலும் ஓட வேண்டிய அடிநீர். 90 சதவீத நேரம் ஆற்றில் குறைந்தது எவ்வளவு நீர் இருக்குமோ அதுவே அடிநீர். மற்றொன்று வெள்ளப் பங்கு. ஆண்டு முழுதும் சீராக ஓடும் ஆற்றுக்கு அடிநீர் அதிகம் வேண்டும். தனியே வெள்ளப் பங்கு தேவையில்லை. கோடையில் வற்றும் ஆற்றுக்கு அடிநீர் மிகக் குறைவு. ஆனால் ஆண்டு ஓட்டத்தில் 20 சதவீதத்தை வெள்ளமாகவே விட வேண்டும்.

அடுத்து 2006-இல் ஸ்மாக்டினும் மார்க்கண்டு அன்புதாஸும் இந்திய ஆற்றுப் படுகைகளுக்கென்றே ஒரு மதிப்பீட்டை வெளியிட்டனர். அதன் அடிப்படையை ஒரு பள்ளி உதாரணத்தால் விளக்கலாம். வகுப்பு மாணவர்களை உயரப்படி வரிசையாக நிறுத்துவது போல, ஓர் ஆற்றின் மாத ஓட்டங்களை எல்லாம் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்த வேண்டும். எத்தனை சதவீத நேரம் எவ்வளவு நீருக்குக் குறையாமல் ஓடியது என்பதை வரைந்தால் கிடைப்பது 'ஓட்ட நீடிப்பு வரைகோடு'. அதில் 17 புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, கோட்டை ஒரு படி இடப்புறம் நகர்த்துகிறார்கள். முன்பு 70 சதவீத நேரம் கிடைத்த ஓட்டம் இப்போது 60 சதவீத நேரம்தான் கிடைக்கும். ஆறு சற்று மெலிகிறது. ஆனால் அதன் ஏற்ற இறக்கங்களின் வடிவம் மாறுவதில்லை.

ஒரு படி நகர்த்தினால் ஏறத்தாழ இயற்கையான ஆறு. இரண்டு படி என்றால் சிறிது மாறிய ஆறு. இப்படி ஆறு வகுப்புகள். கடைசி வகுப்பு முற்றிலும் சிதைந்த ஆறு. இம்முறை 'உங்கள் ஆற்றுக்கு இவ்வளவு நீர் தேவை' என்று ஒரே எண்ணைச் சொல்வதில்லை. 'எப்படிப்பட்ட ஆறு உங்களுக்கு வேண்டும்? அதற்கு இவ்வளவு ஆகும்' என்கிறது. தேர்வு செய்வது சமுதாயத்தின் பொறுப்பு.

விண்ணிலிருந்து வந்த உதவி

பின்னர் செயற்கைக்கோள்களும் சேர்ந்துகொண்டன. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தின் மேடுபள்ளங்களை ரேடார் மூலம் அளந்தது. அதைக்கொண்டு எந்த மேட்டின் நீர் எந்த ஆற்றில் சேரும் என்று உலகம் முழுதுக்கும் வரைபடம் போட முடிந்தது. 1972 முதல் எடுக்கப்பட்டு வரும் லாண்ட்சாட் படங்கள் 2008-இல் அனைவருக்கும் இலவசமாக்கப்பட்டன. ஆறுகளின் நீர்மட்டத்தை அளக்கவல்ல 'ஸ்வாட்' செயற்கைக்கோள் 2022 டிசம்பரில் ஏவப்பட்டது.

இத்தகவல்களுக்கு இன்று உலக அளவில் ஒரு பணி உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று, ஒவ்வொரு நாடும் தன் நீர் நெருக்கடியைக் கணக்கிட வேண்டும் என்பது. ஒரு நாட்டில் 100 பங்கு நீர் இருக்கிறது, அதில் 40 பங்கை எடுக்கிறார்கள் என்று கொள்வோம். நெருக்கடி 40 சதவீதம் என்று தோன்றும். ஆனால் 30 பங்கு ஆற்றுக்குரியது என்று முதலில் கழித்துவிட வேண்டும். மீதி 70. அதில் 40 என்றால் 57 சதவீதம். ஆற்றின் பங்கை மறந்தால் நெருக்கடி குறைவாகத் தோன்றும் என்பது இதனால் விளங்கும்.

காவிரியும் கங்கையும்

நம் நாட்டில் இக்கணக்கு என்ன ஆயிற்று? காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-இல் தன் இறுதித் தீர்ப்பை அளித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஓராண்டாவது கிடைக்கக்கூடிய நீர் என்ற அடிப்படையில் காவிரியின் மொத்த நீர் 740 டி.எம்.சி. என்று கொண்டது. தமிழகத்திற்கு 419, கர்நாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7. எஞ்சிய 14-இல் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கு, 4 டி.எம்.சி. தவிர்க்க இயலாது கடலில் சேரும் நீர். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் மாநிலங்களின் பங்கை மாற்றியது. சூழலுக்கான 10 அப்படியே நின்றது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 740 டி.எம்.சி. ஆண்டு முழுதும் சீராக ஓடினால் வினாடிக்குச் சுமார் 664 கனமீட்டர். 10 டி.எம்.சி. என்றால் வினாடிக்கு 9 கனமீட்டர்; அதாவது 1.35 சதவீதம். மீன் பிழைத்துக் கிடக்க டென்னன்ட் சொன்ன 10 சதவீதமே 74 டி.எம்.சி. ஆகும். பாசனத்திற்காக மேட்டூருக்கு வரும் நீரும் ஆற்றின் வழியேதான் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் ஆற்றுக்கு அதனாலும் பயன் உண்டு. ஆனால் கல்லணைக்குக் கீழே, கழிமுகத்தில், கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்க வேண்டிய இடத்தில், அந்த வாதம் பலவீனமாகிறது. இருந்தாலும் ஆற்றுக்கென்று தனியே ஓர் எண் தீர்ப்பில் இடம்பெற்றதே ஒரு தொடக்கம் எனலாம்.

கங்கையின் கதை துயரமானது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் முன்னாள் பேராசிரியர் ஜி.டி. அகர்வால், கங்கை தடையின்றி ஓட வேண்டும் என்று கோரி 2018 ஜூன் 22-இல் உண்ணாவிரதம் தொடங்கினார். மத்திய அரசு அக்டோபர் 9-இல் கங்கைக்குரிய குறைந்தபட்ச சூழல் நீரோட்டத்தை அறிவித்தது. மேல்பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை 20 சதவீதம். அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25. ஜூன் முதல் செப்டம்பர் வரை 30. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 11-இல், அகர்வால் காலமானார். காலத்திற்கேற்ப மாறும் அளவு முதன்முறையாகக் கங்கைக்கு அரசாணையாயிற்று. 'நாடித்துடிப்பு' என்ற கருத்து அதில் ஓரளவேனும் இருக்கிறது.

கூவத்திற்கு என்ன கணக்கு?

உலகத் தகவல்களை வைத்து நமது கூவத்திற்குக் கணக்குப் போடலாமா? போடலாம், ஆனால் மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, கட்டத்தின் அளவு. 2004-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ஒரு கட்டம் அரைப் பாகை. நமது அட்சரேகையில் அது சுமார் 3,000 சதுர கிலோமீட்டர். சில நூறு சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள கூவத்தின் படுகை அதற்குள் அடங்கிவிடும். புதிய மாதிரிகளில் கட்டத்தின் பக்கம் சுமார் 5 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் லாண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். சிற்றாறுகளுக்கு இது பெரிய புள்ளியே.

இரண்டாவது, மாதிரிக்கு மழை தெரியும். நம் ஏரிகளைத் தெரியாது. கேசவரத்திலும் ஜமீன் கொரட்டூரிலும் மதகு எந்த நாள் எவ்வளவு திறந்திருந்தது என்பதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது. அதை உள்ளூர்ப் பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவதே முக்கியமானது. நகருக்குள் கூவத்தில் ஆண்டு முழுதும் நீர் நிற்கிறது. விண்ணிலிருந்து பார்க்கும் கருவி அதை நீர் என்றே குறித்துக்கொள்ளும். கோடையிலும் வற்றாத ஆறு என்று பாராட்டவும் கூடும். அது சாக்கடை நீர் என்பது மூக்குக்குத்தான் தெரியும். பிரிஸ்பேன் பிரகடனம் அளவோடு தரத்தையும் சேர்த்ததன் அருமை இங்கே புலப்படும்.

இனி ஒரு பயிற்சிக் கணக்கு. 400 சதுர கிலோமீட்டர் படுகை, ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டர், மழையில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு ஓட்டம் 9.6 கோடி கனமீட்டர். அதாவது சுமார் 3.4 டி.எம்.சி. அதில் 20 சதவீதம் ஏறத்தாழ 0.68 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. ஆற்றின் பங்கு அந்த ஏரியில் ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. இது பயிற்சிக்காகக் கொண்ட எண்களே. ஆனால் கேட்பது கற்பனைக்கெட்டாத அளவு அல்ல என்பதை இது காட்டுகிறது.

இங்கு ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். 2019 ஜூனில் சென்னையின் நான்கு ஏரிகளும் வற்றிக் கிடந்தன. மனிதருக்கே இல்லாதபோது ஆற்றுக்கு ஏன் என்று கேட்கலாம். ஆனால் 2015 டிசம்பரில் இதே செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டையும் கண்டோம். கோடையில் வற்றும் ஆறு கோடையில் நீர் கேட்பதில்லை. அது கேட்பது வடகிழக்குப் பருவமழையின் சில நாள் வெள்ளத்தில் ஒரு பங்கு.

அந்தப் பங்கு என்ன செய்யும்? கூவம் கடலில் சேருமிடம் துறைமுகத்திற்குத் தெற்கே உள்ளது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுப்பதால், அதற்குத் தெற்கே மணல் சேர்கிறது. முகத்துவாரம் அடைபடுகிறது. வலிமையான வெள்ளம் வந்தால் மணல்திட்டை உடைத்துச் செல்லும். வரும் நீரெல்லாம் மேலேயே திருப்பப்பட்டுவிட்டால் உடைக்க விசை இல்லை. பின்னர் இயந்திரங்களைக் கொண்டு மணலை வாருகிறோம். ஆறு இலவசமாகச் செய்த வேலைக்கு நாம் கூலி கொடுக்கிறோம். சாக்கடையைத் தடுக்காமல் வெள்ளத்தை மட்டும் விட்டால் பயன் முழுமையாகாது என்பதும் உண்மையே. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

மாணவர்கள் செய்யக்கூடியது

இத்துறையில் அழகான ஒன்று, தகவல் பூட்டி வைக்கப்படவில்லை என்பது. மழை அளவு, மேடுபள்ளம், நீர்ப்பரப்பு வரைபடம், கணினி மாதிரியின் ஓட்டக் கணிப்பு ஆகிய அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தீபகற்ப ஆறுகள் பலவற்றின் அளவுகள் 'இந்தியா-வாரிஸ்' தளத்தில் உள்ளன. ஒரு கல்லூரி மாணவர் காவிரியின் மாத ஓட்டங்களை எடுத்து, பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்தி, நீடிப்பு வரைகோடு வரைந்து, ஒரு படி நகர்த்திப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.

விண்ணின் கண்ணுக்குப் படாததைத் தரையில் இருப்பவர் காணலாம். திருவேற்காட்டுப் பாலத்தின் தூணில் அளவுகோல் ஒன்றை வரைந்து, மழைக்காலத்தில் நாள்தோறும் நீர்மட்டத்தைக் குறித்துவந்தால், அது சில ஆண்டுகளில் எந்த உலக வரைபடத்திலும் இல்லாத தகவலாகிவிடும். மிதக்கும் தேங்காய் ஒன்று இருபது மீட்டர் கடக்கும் நேரத்தைக் கரையில் நின்று அளந்தால் மேற்பரப்பின் வேகம் கிடைக்கும். அடியில் ஓடும் நீர் சற்று மெதுவாக ஓடுவதால் அதை 0.85 மடங்காகக் கொண்டு, அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் ஓட்டத்தின் அளவு கிடைத்துவிடும். உயர்நிலைப்பள்ளிக் கணக்குதான்.

அப்படிக் குறித்த எண்கள் கையில் இருந்தால், கடலில் கலந்த நீர் இவ்வளவு என்ற செய்தியைப் படிக்கும்போது, அதில் ஆற்றுக்குரியது எவ்வளவு, அதற்கு மேல் நாம் தேக்கியிருக்கக்கூடியது எவ்வளவு என்று பிரித்துக் கேட்க முடியும். அந்தக் கேள்வியைக் கேட்பவர் பெருகினால், அடுத்த அணைத் திட்டத்திலாவது மூன்றாவது கேள்விக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டிவரும்.